மூன்று கை செய்த கட்டை

அந்தப் பை பட்டறையில் அவளுக்கு ஸ்கேல் அக்கா என்று பெயர். ஸ்கேல் வைக்காமலே தோலை நேராக வெட்டுவாள் என்பதால் யாரோ வைத்த பட்டம் பத்தொன்பது வருஷத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. தற்பெருமை உண்டா என்றால், தாராளமாகவே உண்டு. தான் வெட்டிய கோட்டைப் பார்த்துத்தான் ஸ்கேலே செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொள்பவள். வேலை தெரிந்தவள் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான், வேறென்ன செய்வது.

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. தோல் வெட்டுகிறவர் தன் கத்தியைத் தானே தீட்ட வேண்டும், அடுத்தவர் கத்தியைத் தொடக் கூடாது. தீட்டும்போது ஒவ்வொரு கைக்கும் ஒரு சாய்வு உண்டு. வேறு கை பட்டால் அந்தச் சாய்வு போய்விடும், சாய்வு போனால் தோல் வீண். வீட்டிலும் அவள் இதே சட்டத்தைத்தான் நடத்தினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர், கல்யாணமான புதிதில் பென்சில் சீவ அந்தக் கத்தியை எடுத்துவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அது இருக்கும் அலமாரிப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை.

இப்படிப்பட்டவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மூன்று விரல்கள் மடங்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடித்தன. மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனாள். வெட்டுவதில் ஒரு குறையும் இல்லை. இடது முழங்கையை ஊன்றி, தோலின்மேல் இரண்டு இரும்புக் கட்டிகளை வைத்து, பழையபடியே வெட்டினாள். மாட்டிக்கொண்டது சாணைக்கல்லிடம்தான். இடது கையால் கல்லை அழுத்திப் பிடித்து, வலது கையால் கத்தியைத் தேய்ப்பதுதான் வழக்கம். இப்போது கத்தியைத் தள்ளினால் கல்லும் கூடவே ஊர்வலம் போயிற்று. ஒருமுறை மேஜையிலிருந்து விழுந்து மூலை உடைந்தது. பட்டறை மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

சனிக்கிழமை மேஸ்திரி கூப்பிட்டார். கெட்ட மனுஷர் இல்லை, சுற்றிவளைத்துப் பேசத் தெரியாதவர், அவ்வளவுதான்.

"கத்திய நீயே தீட்டிக்கிட்டா உன் மேஜை உன்னோடது. இல்லேன்னா திங்கக்கிழமையிலேர்ந்து நூல் வெட்டுற பக்கம் உக்காந்துக்கோ. உனக்காக மட்டும் சட்டத்த மாத்த முடியாதும்மா."

தைத்து முடித்த பைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை அது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வாரம் கொடுப்பது. அதுவும் வேலைதான், யார் இல்லையென்றது? ஆனால் தன் ஜன்னலோர மேஜையை விட்டு அங்கே போய் உட்கார்வதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அழவில்லை. கோபம்தான் வந்தது, அதுவும் அந்தக் கல்லின்மேல்.

விஷயத்தைக் கேட்ட கணவர், தினமும் காலையில் தானே கத்தியைத் தீட்டித் தருவதாகவும், பட்டறையில் யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் சொன்னார்.

"எனக்குத் தெரியுமே," என்றாள். "கத்தியத் தொடாதீங்க. கல்ல யாராவது பிடிச்சுக்கணும், அவ்வளவுதானே? அதுக்கு மனுஷன் எதுக்கு, மரம் போதும்."

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய கட்டிலின் சட்டம் ஒன்று கூடத்துக்கு வந்தது. அவர் பிடித்துக்கொள்ள, அவள் ரம்பத்தால் ஒரு முழத் துண்டு அறுத்தாள். கல்லை அதன்மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டாள். ஈரத்தில் மரம் உப்பினால் கல் சிக்கிக்கொள்ளும் என்று கோட்டைக் கொஞ்சம் தள்ளியே போட்டாள். இடைவெளிக்கு ஒரு ஆப்பு சீவிக்கொண்டால் ஆயிற்று. பிறகு பள்ளம் குடைய வேண்டும். உளியை அவர் பிடித்தார், சுத்தியலால் அவள் அடித்தாள். தன் அடி தப்பவே இல்லை, அவர்தான் பயத்தில் கையை நகர்த்திக்கொண்டே இருந்தார் என்பது அவள் வாதம். எப்படியோ, அவர் கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

கட்டை மேஜையில் வழுக்காமலிருக்க அடியில் எதையாவது ஒட்ட வேண்டும். ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டலாமா என்று கேட்டார். செருப்பையா, தன் மேஜைமேலா என்று சிரித்துவிட்டு, சேர்த்துவைத்திருந்ததிலேயே நல்ல தோல் துண்டை எடுத்து ஒட்டினாள். காய்ந்ததும் கூடத்து மேஜையில் வைத்துத் தள்ளிப் பார்த்தாள். கட்டை அசையவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு தீட்டும்போது ஊற்றுவதுபோலத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கத்தியை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கட்டை மேஜையைத் தாண்டிப் போய்ச் சுவரில் மோதியது.

நனைந்த தோல் கொழகொழவென்று வழுக்கும் என்பது பத்தொன்பது வருஷம் தோலோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா? தெரியும். தோல் தன் காலை வாராது என்ற திமிரில் மறந்துபோனாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கை உடைந்த அன்றுகூட அவள் அப்படி உட்காரவில்லை. கணவர் வாசலுக்குப் போய்த் தன் ரப்பர் செருப்புகளைக் கழுவி எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார். 'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லாததற்கே அவரைக் கும்பிடலாம்.

அவள் எழுந்தாள். தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு ரப்பரை ஒட்டினாள். அதோடு நிற்கவில்லை. கட்டையின் அடியில், தன் பக்கத்து ஓரமாக, ஒரு சின்ன மரச்சட்டத்தை ஆணியடித்துத் தொங்கவிட்டாள். அது மேஜை விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது. இனி எவ்வளவு தள்ளினாலும் கட்டை எங்கே போகும்?

திங்கட்கிழமை மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கட்டையை மாட்டினாள், ஆப்பைச் செருகினாள், தண்ணீர் தெளித்தாள். இடது கையை வேண்டுமென்றே மடியில் வைத்துக்கொண்டாள். இந்தப் பக்கம் இருபது தேய்ப்பு, அந்தப் பக்கம் இருபது. கல் இம்மியும் நகரவில்லை. கத்தியைத் துடைத்து, ஒரு துண்டுத் தோலின் ஓரத்திலிருந்து நூல்போல ஒரு கீற்றை வெட்டி நீட்டினாள். மேஸ்திரி கத்தியைத் தொடவில்லை, கீற்றை மட்டும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டை யார் செய்தது என்று கேட்டார்.

"என்னோட ஒரு கை, எங்க வீட்டுக்காரரோட ரெண்டு கை. மொத்தம் மூணு கை, மேஸ்திரி."

அவர் உள்ளே போய் ஒரு முழுத் தோலைத் தோளில் சுமந்துவந்து ஜன்னலோர மேஜையில் விரித்தார். மத்தியானத்துக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் கட்டைவிரலில் கட்டுடன் கணவர் வாசலிலேயே நின்றிருந்தார். அவள் பையிலிருந்து கத்தியை எடுத்து, சுற்றியிருந்த துணியைப் பிரித்து, பிடியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் ஓரடி பின்னால் போனார்.

"பிடிச்சுப் பாருங்க," என்றாள்.

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.