கறுப்பே தெரியாத மாப்பிள்ளை

எங்கள் ஸ்டூடியோவில் படங்களுக்கு மெருகேற்றுவது அக்காதான். "இந்தக் கரிக்கட்டையையா என் பையனுக்குக் கட்டி வைப்பேன்?" என்று சொந்த அத்தையே வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டதை அவள் மறக்கவே இல்லை. அதே அத்தை இன்று மகனின் படத்தோடு வந்து நின்றாள்.

"பையன் கொஞ்சம் மாநிறம்டி. எங்கயும் கறுப்பே தெரியக்கூடாது. எனக்கு நேரமில்ல, நேரா பொண்ணு வீட்டுக்கே அனுப்பிடு."

"ஒரு பொட்டு கறுப்புகூட இருக்காது அத்தை" என்றாள் அக்கா, குரலில் தேன் ஒழுக.

படத்தின் கருமையான இடங்களை மட்டும் கணினியில் தேர்ந்தெடுத்து வெளுப்பாக்குவது அவள் வழக்கம். முடி, மீசை, புருவத்தை முதலிலேயே அந்தத் தேர்விலிருந்து விலக்கிவிடுவாள். இன்று விலக்கவில்லை. மவுஸை இழுக்க இழுக்க முகம் வெளுத்தது; கூடவே முடியும் மீசையும் நரைத்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதற்குள் அக்கா படத்தை அனுப்பியே விட்டாள்.

சாயங்காலம் அத்தையின் போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அடிப்பாவி! மாப்பிள்ளையோட அப்பா படம் வந்துடுச்சு, பையன் படம் எங்கன்னு பொண்ணு வீட்ல கேக்கறாங்கடி!"

"நீங்க சொன்னதைத்தானே அத்தை செஞ்சேன்? வேணும்னா திரும்பக் கறுப்பாக்கித் தரட்டுமா?"