யாரும் பெயர் சொல்லாத கிணறு

எங்கள் கிளை நூலகத்துக்கு ஒரு மீன் தொட்டி வந்து இறங்கியபோது, பேப்பர் படிக்க வரும் பெரியவர்கள் இனிமேல் மீனும் வளர்க்கப் போகிறீர்களா என்று என்னைக் கிண்டல் செய்தார்கள். மீன் இல்லை, மணல் என்றேன். அதற்கும் சிரித்தார்கள். நூலகங்கள் வழியாக ஊர் மக்களுக்குத் தண்ணீரின் அறிவியலைச் சொல்ல வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. நான் உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து வந்து கதவைத் திறக்கிறவள். தூசி தட்டுவேன், போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மின்விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பேன். தண்ணீரைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அதைச் சொல்லித்தர ஒரு கல்லூரிப் பெண் வருவாள், ஆள் சேர்ப்பது மட்டும் உங்கள் வேலை என்றார்கள். அப்பாடா என்று இருந்தது.

டீயும் மசால் வடையும் உண்டு என்று சொல்லி வைத்தேன். ஆள் சேர்ந்தது. நூறு நாள் திட்டத்தில் ஏரி வேலை முடித்துவிட்டு வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்தார்கள். முன் வரிசையில், நான் கூப்பிடவே கூப்பிடாத ஒருத்தியும் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவளுடைய மகள் எங்கள் நூலகத்தில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தவள். கெட்டிக்காரி, வாயாடி. எனக்குப் பிடித்த பெண். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு மத்தியானம், அவர்கள் நிலத்துக் கிணற்றில் கிடந்தாள். விழுந்தாளா, குதித்தாளா என்று ஊர் இன்றைக்கும் பேசி முடிக்கவில்லை. சாவு விழுந்த கிணற்றை ஒட்ட இறைத்து, சுற்றிலும் முள் வெட்டிப் போட்டுவிடுவது இங்கே வழக்கம். அப்புறம் யாரும் அதில் வாளி விட மாட்டார்கள். அதன் பெயரைக்கூட எடுக்க மாட்டார்கள். பேச்சு அந்தப் பக்கம் போனால் சட்டென்று வேறு எதையாவது பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

அம்மாக்காரி மட்டும் தினம் சாயங்காலம் முள்ளை ஒதுக்கிவிட்டு, கிணற்று மேட்டில் போய் உட்காருவாள். நான் பஸ்ஸுக்கு நடக்கிற வழி அது. உள்ளே குனிந்து அவள் பேசுவது காதில் விழும். என்ன குழம்பு வைத்தாள், மாடு கன்று போட்டதா, பக்கத்து வீட்டில் யாருக்குக் கல்யாணம், இதுதான் பேச்சு. ஒன்றைச் சொல்லிவிட்டு, பதில் வருவதற்காகக் கொஞ்சம் நிறுத்துவாள். அந்த நிறுத்தம்தான் எனக்கு ஆகாது. அங்கே வந்ததும் என் கால்கள் தானாக வேகம் பிடிக்கும்.

அவளுடைய கொழுந்தனார் கிணற்றை மூடிவிடப் பார்த்தார். நிலம் இரண்டு பேருக்கும் பொது. டிராக்டரில் மண் வந்தபோதெல்லாம் அவள் கிணற்றுக்குள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "எம்பொண்ணு உள்ள கீறா. அவ மேல மண்ணு கொட்டணும்னா மொதல்ல என் மேல கொட்டு" என்பாள். டிராக்டர் திரும்பிப் போய்விடும். அந்தக் கிணறு திறந்திருக்கும் வரைதான் தனக்கு மகள் உண்டு என்று அவள் நினைத்தாள். ஊருக்கே அது தெரியும்.

கல்லூரிப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அவள் தொட்டியில் ஜல்லியைப் பரப்பி, மேலே மணலைக் கொட்டி, தண்ணீர் ஊற்றினாள். மணலில் அங்கங்கே கண்ணாடிபோலத் தெரிகிற சின்னக் குழாய்களைச் செருகினாள். இதுதான் உங்கள் ஊர், இந்தப் பக்கம் ஏரி, இந்தக் குழாய்கள் உங்கள் கிணறுகள் என்றாள். நடுவில் இருந்த குழாய்தான், தெருக்குழாய்களுக்கு வரும் தண்ணீரை மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும் ஆழ்துளைப் போர். மற்றது எது யாருடைய கிணறு என்று நீங்களே சொல்லுங்கள் என்றதும் பெண்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது கோயில் கிணறு, இது மேட்டுத்தெருக் கிணறு, இது எங்க வூட்டுது என்று போட்டி போட்டுக்கொண்டு பெயர் வைத்தார்கள். எல்லாம் சொல்லியான பிறகு, போருக்குப் பக்கத்தில் ஒரு குழாய் மிச்சம் நின்றது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

"இது யாரோடதும் இல்லையா? சரி, அப்போ இதுலயே ஊத்தறேன்" என்றாள் கல்லூரிப் பெண்.

நான் எழுந்திருப்பதற்குள் ஊற்றிவிட்டாள். கேசரிப் பவுடர் கரைத்த சிவப்புத் தண்ணீர். கக்கூஸ் குழியின் அழுக்கு எப்படிக் கிணற்றுக்குப் போகும் என்று காட்டுவதற்காக அவள் கொண்டுவந்திருந்தது. அப்புறம் ஊசி போடும் சிரிஞ்சை எடுத்து, போர்க் குழாயிலிருந்து தண்ணீரை மெல்ல உறிஞ்ச ஆரம்பித்தாள். கண்ணாடியை ஒட்டி, மணலுக்குள் அந்தச் சிவப்பு நகர்ந்தது. அவசரமே இல்லாமல், வழி தெரிந்த ஆள் நடந்து வருவதுபோல வந்தது. சிரிஞ்சுக்குள் சிவப்பு ஏறியது.

"பாத்தீங்களா? கிணறுங்க எல்லாம் தனித்தனியா இருக்கற மாதிரி நமக்குத் தெரியும். கீழ எல்லாம் ஒரே தண்ணிதான்" என்று கல்லூரிப் பெண் சந்தோஷமாகச் சொன்னாள்.

முன் வரிசையில் இருந்தவள் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "அது எங்க கெணறு. அதுல கீறது டேங்குக்கு வந்துருமா?"

"மெதுவாத்தான்மா வரும். ஆனா வந்துடும்."

டீ குடிக்க யாரும் நிற்கவில்லை. வடை அப்படியே இருந்தது.

மறுநாள் தெருக்குழாயில் வேப்பிலை கட்டியிருந்தது. மோட்டார் கொட்டாய் வாசலில் யாரோ சூடம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள். கேன் தண்ணீர் விற்கும் வண்டிக்காரர் காலையிலும் வந்தார், மாலையிலும் வந்தார். அறிவியல் கூட்டம் நடத்திய பலன் இது. "சயின்ஸு சொல்லிக் குடுக்குறேன்னு ஊருக்குள்ள பேயக் கொணாந்து வுட்டுட்டியே டீச்சர்" என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். இங்கே புத்தகத்தோடு இருப்பவர்கள் எல்லாரும் டீச்சர்தான்.

நான் வீடு வீடாகப் போய் விளக்கினேன். அத்தனை வருடத்து மழையில் பழைய தண்ணீர் எப்போதோ போயிருக்கும், இப்போது இருப்பது புதுத் தண்ணீர் என்றேன். கிணற்றை மூடினாலும் மண்ணுக்கு அடியில் தண்ணீர் நடமாடத்தான் செய்யும், மூடி ஒரு பிரயோஜனமும் இல்லை என்றேன். தலையை ஆட்டினார்கள். கிணற்றை மூடியே ஆக வேண்டும் என்று முடிவும் செய்தார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு வந்து நூலகத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன். வாய்வரை கொண்டுபோனேன், குடிக்க முடியவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கொட்டினேன். கொட்டியதும் அதைவிடப் பெரிய சங்கடமாகப் போய்விட்டது. பரீட்சைக்குப் படித்த அந்தப் பெண்ணை வாசலில் கொட்டிவிட்டேனோ என்று தோன்றியது. பைத்தியக்காரத்தனம்தான், தெரியும். தெரிந்தும் அன்றைக்கெல்லாம் அந்த ஈரத்தை மிதிக்காமல் சுற்றித்தான் போனேன்.

மூடுகிற நாள் காலையில் நானும் போனேன். அவள் குறுக்கே விழுந்தால் தூக்குவதற்கென்று கொழுந்தனார் இரண்டு பெண்களை நிறுத்தி வைத்திருந்தார். டிராக்டர் உறுமிக்கொண்டு நின்றது. அவள் வந்தாள். இடுப்பில் குடம் இருந்தது. கிணற்று மேட்டுக்கு ஏறவே இல்லை. வரப்பிலேயே நின்றுகொண்டு, "கொட்டு நைனா" என்றாள்.

கொழுந்தனாருக்கே நம்பிக்கை வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம் கையைக் காட்டினார். முதல் லோடு விழுந்தபோது அடியிலிருந்து வந்த சத்தத்தில் நான் இரண்டடி பின்வாங்கினேன். அவள் அசையவில்லை.

அவள் பக்கத்தில் போய், "ஏம்மா, பரவால்லியா?" என்று கேட்டேன்.

"அவ இங்க இல்ல டீச்சர். நீங்கதான காட்னீங்க."

அத்தனை வருடத்து மழை, புதுத் தண்ணீர் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அதை அவளிடம் மட்டும் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். அவள் திரும்பித் தெருக்குழாய்ப் பக்கம் நடந்தாள். நானும் பின்னால் நடந்தேன். குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் வாளியை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். அவள் வேப்பிலையைப் பிய்த்துப் போட்டுவிட்டுக் குழாயைத் திறந்தாள். குடம் நிறையும் வரை அந்தத் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டே நின்றாள். நிறைந்ததும் ஒரு சொட்டுச் சிந்தாமல் தூக்கி இடுப்பில் வைத்து, அதன் வாயைத் தன் முந்தானையால் மூடினாள்.

"வா கண்ணு. வூட்டுக்குப் போலாம்" என்றாள்.