சுவரில் வைத்த நாற்று

மிளகாயைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வந்துவிடும் என்று எங்கள் எடமலைப்பட்டி புதூர் தெருவில் எல்லாருக்கும் பயம். சர்ச்சுக்குப் போகிறவர்களும் சரி, கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, இதில் ஒரே கட்சி. அதனால்தான் பக்கத்து வீட்டு அக்காவும் நானும் மிளகாய் நாற்றைக்கூட நடுச்சுவரின் மேல் வைத்து மாற்றிக்கொண்டோம்.

மாற்றக் காரணம் என் வீட்டுக்காரரின் வயிறு. உப்பிலியபுரத்துத் தங்கை கொடுத்த ஊசிமிளகாய் விதையைப் பேப்பர் கப்புகளில் போட்டு முளைக்கவைத்திருந்தேன். அந்தச் சமயம் பார்த்து அவருக்கு வயிற்றில் புண் என்று தெரிந்தது. காரம் கூடவே கூடாது என்றார் டாக்டர். அக்கா போட்டிருந்தது காரமில்லாத பஜ்ஜி மிளகாய். அக்காவுக்கோ வினிகரில் ஊறப்போட ஊசிமிளகாய் வேண்டும்.

ஒரு சாயங்காலம் இருவரும் கப்புகளைச் சுவரில் வைத்தோம்.

"இடது பக்கம் இருக்கறது பஜ்ஜி மிளகாய் டீச்சர், பார்த்து எடுத்துக்கங்க."

"விளக்கு வெச்சாச்சுக்கா. காலையில எடுத்துக்குவோம்" என்றேன்.

நட்ட கொஞ்ச நாளிலேயே மனசு உறுத்தியது. பஜ்ஜி மிளகாய் என்றால் இலை அகலமாக வரவேண்டும், தண்டும் தடிக்கவேண்டும். இவை ஒல்லியாக நின்றன. ஆனால் நாலு இலை விட்ட வயதில் எந்த மிளகாய்தான் தன் ஜாதியைக் காட்டும்? கணுவில் ஊதா நிறம் இருக்கிறதா பார் என்றது போன். ஒரு செடியில் இருந்தது, ஒன்றில் இல்லை, கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் இருந்தது.

நல்ல நாற்றைக் கொடுக்க மனசில்லாமல் ஏதோ சம்பா மிளகாயை என் தலையில் கட்டிவிட்டாரா அக்கா? துணி காயப்போடும் சாக்கில் மொட்டைமாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அங்கே அகல அகலமாக இலை! என்னைக் கண்டதும் அக்கா தொட்டிகளைத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நகர்த்தினார்.

"நாத்து எப்படி வருது டீச்சர்?" குரலே சரியில்லை.

"நீங்க கொடுத்ததுதானே, உங்களுக்குத் தெரியாதா?"

அதோடு பேச்சு நின்றது. ரிட்டயர் ஆன பிறகு நான் மனம்விட்டுப் பேச இருந்த ஒரே ஆள் அக்காதான். சுவர்ப் பக்கம் போகாத சாயங்காலங்கள் கஷ்டமாக இருந்தன. வீம்பு விடவில்லை. வீட்டுக்காரர் மட்டும் நேரம் தவறாமல் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். பாவம், வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைக்காதா என்று பார்க்கிறார் என நினைத்தேன்.

பூ வானத்தைப் பார்த்துப் பூத்தது. காயும் நெட்டுக்குத்தாக நின்றது. சம்பாவும் இல்லை, பஜ்ஜியும் இல்லை. நான் முளைக்கவைத்த ஊசிமிளகாயேதான். அப்படியென்றால் அக்காவுக்கும் அவர் போட்டதே திரும்பப் போயிருக்கிறது. இதில் அக்காவுக்கு என்ன லாபம்? ஒருவேளை நான்தான் ஏமாற்றினேன் என்று அவரும் நினைத்துக்கொண்டிருக்கிறாரோ?

மலைக்கோட்டைப் பக்கம் துணி எடுக்கப் போனவள் வெயில் தாங்காமல் பாதியில் திரும்பிய அன்று விடை கிடைத்தது. மொட்டைமாடியில் வீட்டுக்காரர் தயிர்சாதத் தட்டோடு உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"கப்பை இடம் மாத்தி வெச்சது நீங்கதானா?"

"நாக்கு செத்துப்போச்சும்மா."

"நானும் அக்காவும் பேசிக்கறதில்லைன்னு தெரியும்ல? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க பேசிக்கிட்டா நான் மாட்டிக்குவேனே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம் என்று மாடி விளிம்புக்கு ஓடி, "அக்கா" என்று கூப்பிட்டேன். துணி எடுத்துக்கொண்டிருந்த அக்கா, பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார்.