காலாவதியான சொற்கள்

ஆங்கிலத்தில் மனு அடித்துக் கொடுப்பவனுக்கு இரண்டு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும்: வெள்ளைக்காரன் விட்டுப்போனது ஒன்று, செல்போனில் வந்திறங்கியது ஒன்று. காரிமங்கலத்தில் முப்பது வருடமாக டைப் அடிக்கும் எனக்கு முதலாவதுதான் கைவந்தது. அதே ஆங்கிலத்தைப் படித்துவிட்டு இப்போது பிள்ளைகளிடம் திருத்தம் வாங்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

இரண்டெழுத்து

கம்பைநல்லூரிலிருந்து கவிதாவும் அவள் அம்மாவும் வந்தார்கள். கவிதாவின் அப்பா ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்விட்டார். அவர் இடத்தில் தனக்கு வேலை கேட்டு, மும்பைத் தலைமை அலுவலகத்துக்கு அவள் விண்ணப்பிக்க வேண்டும். 'வேலையில் இருக்கும்போது' என்பதற்கு 'வைல்' போதும் என்ற இடத்தில் பழக்கத்தில் 'வைல்ஸ்ட்' என்று அடித்துவிட்டேன். அது பழைய, கௌரவமான வடிவம் என்று விளக்கினேன்.

"கௌரவம் இருக்கட்டுங்க சார். தப்புன்னு நெனச்சு என்னையத் தள்ளிட்டா?" என்றாள் கவிதா. கடைசியில் இருந்த 'எஸ்', 'டி' இரண்டையும் எடுத்தேன்.

பெக்

அடுத்து அவள் விரல் வைத்தது 'ஐ பெக் டு ஸ்டேட்' என்ற முதல் வரியில். பணிவாகத் தெரிவிப்பது என்றேன். "பிச்சைன்னும் அர்த்தம்மா" என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "இருவது வருசம் அங்க ஒழச்சவருங்க எங்கூட்டுக்காரரு. கேளுங்க. பிச்சை எடுக்காதீங்க."

எக்ஸ்பயர்டு

'மை ஃபாதர் எக்ஸ்பயர்டு' என்று இருந்ததைக் கவிதா இரண்டு முறை படித்தாள்.

"எங்கப்பா என்ன மாத்திரை அட்டையாங்க சார், எக்ஸ்பயரி ஆக?"

'டைடு' என்றால் முகத்தில் அடித்தாற்போல் இருக்குமென்று இத்தனை வருடம் ஒதுக்கி வந்தவன் நான். ஒதுக்கியது துக்கப்பட்டவர்களுக்காகவா, எனக்காகவா? 'டைடு' என்றே மாற்றி அடித்தேன். இப்போது என்ன போட்டீர்கள் என்று அம்மா கேட்டார். இறந்துவிட்டார் என்று போட்டிருக்கிறேன் என்றேன்.

அம்மா சொன்னார்: "அதுதானுங்களே நடந்துச்சு."

பதில்

ஒரு மாதம் கழித்துக் கவிதா தனியாக வந்தாள். வேலையில் சேரச் சொல்லி மும்பையிலிருந்து வந்த கடிதத்தை மேசைமேல் வைத்தாள். 'வைல்ஸ்ட் இன் சர்வீஸ்' எக்ஸ்பயர்டு ஆன தந்தைக்கு அதில் முதல் பத்தியிலேயே இரங்கல் தெரிவித்திருந்தார்கள்.

"சார், உங்காளு ஒருத்தரு மும்பைலயும் இருக்காருங்க" என்றாள்.

ஆக, காலாவதியானவை என்று நான் கைவிட்ட சொற்கள் மும்பையில் இன்னும் செல்லுபடியாகின்றன.