பட்டப்பகலில் எரிந்த என் முகம்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். இன்று சங்கராபுரத்தில் டிராக்டர் உதிரிபாகம் என்றால் என் கடைதான். வாசலில் என் முகம் சிரிக்கும் டிஜிட்டல் போர்டு, இரவு பகலாக எரியும்.

கம்ப்யூட்டர், கேமரா எல்லாம் எவ்வளவு கரண்டு தின்கின்றன என்று அளக்க, மின்சிக்கனக் கணக்கெடுப்புக்காக ஒரு பெண் கடைக்கு வந்தாள். மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தப் பெட்டியைக் கண்டாலும் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைப்பாள்; பிறகுதான் மீட்டரை மாட்டுவாள். போர்டில் வைத்த கையை உதறினாள்.

"இதாங்க ஜாஸ்தி. இதுக்காவ எங்கியோ நிலக்கரி எரிஞ்சிக்கினு இருக்குது. பகல்ல அணைச்சிடுங்க."

"இன்னாம்மா பேசற? சனம் என்னைப் பாக்க வாணாவா?"

"ரோட்டுக்கு அந்தாண்ட போய் நீங்களே பாருங்க."

போனேன். உச்சி வெயிலில் போர்டு வெறும் தகடாக இருந்தது. என் மீசைகூடத் தெரியவில்லை.

"யாருங்க தெரியறாங்க?" என்று அங்கிருந்தே கத்தினாள். பக்கத்து டீக்கடையே சிரித்தது.

அன்றிலிருந்து பகலில் அணைத்துவிடுகிறேன். ஏன் அணைத்தீர்கள் என்று ஊரில் ஒருவன்கூடக் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். சூடான எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த அந்தப் பெண், என் மண்டையை மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனாள் என்பது இன்னும் புரியவில்லை.