உடைந்த ஊசியின் முனை

போதையை விட்ட பிறகும் அண்ணனுக்கு ஊசி மேல் இருந்த ஆசை போகவில்லை. மருந்தே இல்லாமல் வெறும் தண்ணீரைக்கூட ஏற்றிக்கொண்டான். குத்தினால்தான் மனம் அடங்கும். சிகிச்சை மையத்தில் ஊசியைக் கண்ணெதிரே வைத்து, தவிப்பு தானாகத் தணியும்வரை உட்காரப் பழக்கினார்கள். பழகிய பின் பழைய தையல் வேலைக்கே திரும்பினான்.

சட்டை தைக்கும் கம்பெனி அது. மெஷினில் ஊசி உடைந்தால், துணியில் சிக்கிப் போய்விடக் கூடாதென்று, எல்லாத் துண்டுகளையும் ஒப்படைத்தால்தான் புது ஊசி தருவார்கள். நேற்று அவன் ஊசி உடைந்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை.

“கையைக் காட்டுப்பா,” என்றார் சூப்பர்வைசர்.

“கையிலயா சார் இருக்கும்? துணியில தேடுங்க.”

“உன் கதை எனக்குத் தெரியாதா? சட்டையை மடிச்சு விடு.”

சுற்றியிருந்த மெஷின்கள் நின்றன. அண்ணன் மடித்துக் காட்டினான். பழைய தழும்புகளை எல்லோரும் ஆற அமரப் பார்த்தார்கள். “மாப்ள முழுங்கியிருப்பான்,” என்று யாரோ சிரித்தார்கள். பிறகுதான் காந்தத்தைக் கொண்டுவந்தார்கள். அவன் தைத்துக்கொண்டிருந்த காலரிலேயே முனை இருந்தது. சூப்பர்வைசர் புது ஊசியை நீட்டினார். அண்ணன் அதை மாட்டி, நூல் கோத்து, வேலையைத் தொடர்ந்தான்.

ராத்திரி வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் அவனே சொன்னான்.

“கை நடுங்குச்சாடா?” என்று அம்மா கேட்டாள்.

“இல்லம்மா. ஊசியைப் பார்த்தா இப்ப ஒண்ணுமே தோணல. நான் விட்டுட்டேன். அவங்கதான் விடமாட்டேங்கறாங்க.”

அம்மா தலையாட்டினாள். அவன் கை கழுவப் போனதும், கழற்றிப் போட்டிருந்த சட்டையின் பையைத் தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணும் இல்லையே?” என்று நான் கேட்டேன்.