அம்மா திட்டியது டோரியனில்

விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கி, வெல்லிங்டனிலிருந்து வருகிறேன் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன். “திட்டக்குடிக்கு அந்தாண்ட வெல்லிங்டன் ஏரி இருக்குதே, அங்கேருந்தாங்க? கூட்டமா இருந்துதா?” என்றார். நான் சொன்னது நியூசிலாந்து வெல்லிங்டன் என்று திருத்த மனம் வரவில்லை. “உக்கார எடம் கெடச்சுதுங்க” என்றேன். மூன்று விமானங்களிலும் கிடைத்தது, பொய்யில்லை. மடியிலிருந்த யுகுலேலேவை, கிடாரின் குட்டி போன்ற அந்த வாத்தியத்தை, கண்ணாடியில் பார்த்து, “புள்ளைக்கு பொம்மையா?” என்றார். அதற்கும் ஆமாம் சொல்லிவிட்டேன்.

அது என்னுடையது. வெல்லிங்டனில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் நூலகத்தில் கூடும் யுகுலேலே குழுவில் சேர்ந்ததே, வேலை இல்லாத நாளிலும் நாலு பேரிடம் பேசலாம் என்றுதான். குழுவை நடத்தும் ஹெலன் ஒருநாள், “உன் ஊர்ப் பாட்டு ஒன்று சொல்லேன், நூலக விழாவில் பாடுவோம்” என்றார். சின்ன வயதில் அம்மா பாடி நான் தூங்கிப்போன பாட்டைச் சொன்னேன். மெட்டு முழுக்க நினைவிருந்தது. வார்த்தைகளில் “ஆறி… ஆறி…” மட்டும்தான். தாலாட்டு என்றேன். ஹெலன் உடனே துள்ளலான ஸி மேஜர் கார்டுகளை, அதாவது சேர்த்து மீட்டும் சுரக்கொத்துகளை, போட்டு, எல்லோரும் குதூகலமாக வாசித்தார்கள். பாட்டு நம் வீட்டிலிருந்து கிளம்பி அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போலிருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டார். ‘பரவாயில்லை’ என்ற பொருளில் “நாட் பேட்” என்றேன். அந்த ஊரில் அது பெரிய பாராட்டாம். கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எப்படி வாய் திறப்பது? ஊருக்குப் போய் முழுப் பாட்டையும் அனுப்புகிறேன், கார்டையும் நானே கட்டுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஹெலன் கற்றுக்கொடுத்ததில் எனக்குப் பிடித்தது டோரியன் மோட், நம் ராகம் மாதிரி ஒன்று. ஸி மேஜரின் அதே சுரங்கள்தான். ஆனால் டி-யில், அதாவது ஸ-வை விட்டு ரி-யில், தொடங்கி டி-யில் முடிய வேண்டும். ஜாஸ்காரர்களுக்குச் செல்லம். கார்டு கட்டுவதும் சுலபம்: ஒரு சுரத்தை எடு, அடுத்ததை விடு. டி, எஃப், ஏ, ஸி என்றால் டி மைனர் செவன். நாலு சுரம், யுகுலேலேவிலும் நாலு கம்பி. இதையே ஜி-யிலிருந்து அடுக்கினால் ஜி, பி, டி, எஃப்; அது ஜி செவன். அம்மாவின் மெட்டும் டி-யில்தான் வந்து உட்கார்ந்தது. ஆனால் அது பி சுரத்தைத் தொடவே இல்லை. அதனால் பி-யை எப்படி வைப்பது என்பது என் இஷ்டம். தாலாட்டாச்சே, உருகட்டும் என்று பி-யை அரைப்படி இறக்கி, சோகமாகக் கட்டினேன்.

வீடு வந்து சேர்ந்ததும் அதை அம்மாவுக்குச் சமையலறையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“யாருடி செத்தது?”

“தாலாட்டும்மா. நீ பாடுவியே, ஆறி ஆறின்னு… வெல்லிங்டன்ல விழாவுல பாடப்போறாங்க.”

“தாலாட்டா! ‘ஆறிப்போச்சே, சோறு ஆறிப்போச்சே’டி அது. ஒங்கப்பா மங்கலம்பேட்டைக்குப் போனா நேரத்துக்கு வூடு திரும்பாது. அந்த மனுசன திட்டுன பாட்டு. நீ பாட்டுக்குத் தூங்கிப்புட்ட.”

சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று நிறுத்தி, வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அவள் அதைப் பாடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “வேணாம் ஸ்டெல்லா. செத்த மனுசன ஊரு விட்டு ஊரு திட்டணுமா?”

இறக்கிய பி-யை மறுபடி மேலே ஏற்றி, டோரியனுக்கே திரும்பினேன். ஒரு கம்பியில் ஒரே ஒரு கட்டம்தான் வித்தியாசம். டி மைனர் செவன், ஜி செவன், மறுபடி டி மைனர் செவன். அழுகை போய், உதட்டோரம் ஒரு நக்கல் வந்தது. மெதுவாகவே வாசித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, அம்மா வெங்காயத்தைப் பார்த்தபடியே ஆரம்பித்தாள்.

“ஆறிப்போச்சே, சோறு ஆறிப்போச்சே, மங்கலம்பேட்ட பஸ்ஸெல்லாம் வந்தே போச்சே…”

கடைசி வரி வரைக்கும் பாடினாள். மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “வெங்காயம்” என்றாள். அப்புறம், “பாடட்டும் போ. அந்த மனுசனுக்கும் நாலு பேரு பேசுனா புடிக்கும்” என்றாள்.

முழுப் பாட்டையும் கார்டுகளையும் அனுப்பி, தாலாட்டு என்றது என் தவறு என்று ஹெலனிடம் போனில் சொன்னேன், அந்த மேஜர் கார்டுகள் பொருந்தவில்லை என்பதையும் சேர்த்து. “அப்போதே சொல்லியிருக்கலாமே!” என்று சிரித்தார். “சரி, சிரித்துக்கொண்டு பாடணுமா, முறைத்துக்கொண்டா?” அம்மாவிடம் கேட்டேன்.

“மொறைக்கச் சொல்லு. லேசா.”

விழா அன்று அங்கே சாயங்காலம், இங்கே அடுப்பில் உலை. ஹெலன் வீடியோ காலில் அழைத்தார். போனைச் சொம்பில் சாய்த்து வைத்தோம். வெள்ளைக்காரர்களும் அந்த மண்ணின் பூர்வகுடிகளான மாவோரிகளுமாக ஒரு கூட்டம் லேசாக முறைத்தபடி “ஆரிப்போச்சே” என்று தொடங்கியது. “ற, ற” என்று போனைத் திருத்திய அம்மா, பொறுக்காமல் தானும் பாட ஆரம்பித்தாள். நான் யுகுலேலேவை எடுத்தேன். போனில் சத்தம் அரைத் தாளம் பிந்தி வந்தது. அம்மாவோடு வாசித்தால் வெல்லிங்டன் பின்தங்கியது; வெல்லிங்டனோடு சேர்ந்தால் அம்மா முழங்கையால் இடித்தாள். “யாரோடடி வாசிக்கிற நீ?” என்றாள். இரண்டு பக்கமும் பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் ஜி செவனில் விரலை அழுத்தியபடி, எந்த நொடியில் டி-க்குத் திரும்புவது என்று தெரியாமல் இருந்தேன்.